கார் லேசாக இடிபட்ட பிறகு நான்கு மாதக் குழந்தையை நினைத்துப் பயம் அடங்கவில்லை. என்ன செய்யலாம்?

நேற்று மாலை செங்கலடிக்குப் பக்கத்தில் உங்கள் காரின் பின்புறத்தில் மெதுவாக ஊர்ந்து வந்த ஓட்டோ ஒன்று மோதிப் பம்பர் நெளிந்தது, நான்கு மாதக் குழந்தை பின் இருக்கையில் உங்கள் மடியில் இருந்தது, காயம் எதுவும் தெரியவில்லை, பாலும் குடிக்கிறது, ஆனாலும் இரவு முழுவதும் மூக்கருகே விரலை வைத்து மூச்சுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தியசாலைக்குப் போனால் சிரிப்பார்களோ என்ற தயக்கமும், அடுத்த கிழமை மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் காரில் போக வேண்டுமே என்ற கலக்கமும் சேர்ந்திருக்கின்றன.

தயங்காமல் இன்றே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். வாய் பேசாத வயதுப் பிள்ளையை விபத்துக்குப் பின் ஒரு தடவை காட்டுவது அவர்களுக்குத் தினசரி வேலை. குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்திருந்தால், எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் அன்றிரவே போயிருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு வேண்டிய பரிசோதனை வேறு, உங்களுக்கு வேண்டிய நிம்மதி வேறு. பரிசோதனை முடிந்த கையோடு நிம்மதி வந்துவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலான தாய்மார் போகிறார்கள். வராதபோது மறுபடியும் குழந்தையையே சோதிக்கத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில்தான் வழி மாற வேண்டும்.

எங்களுக்கு இது நடந்தது கல்முனை வீதியில், குருக்கள்மடத்தைத் தாண்டி. கட்டாக்காலி மாடு ஒன்று வீதிக்கு ஏற, என் கணவர் பிரேக் பிடித்தார். பின்னால் கோழித்தீன் மூட்டைகளோடு வந்த பட்டா வாகனம் (சின்ன லொறி) எங்கள் பம்பரில் வந்து நின்றது. மகன் அப்போது ஐந்து மாதம். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி கொண்டுவந்து தந்த குழந்தை இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு அழுதான். உடனே சனம் கூடிவிட்டது. கடைக்கார அம்மா ஒருவர் கிளாஸில் சீனித்தண்ணீரோடு ஓடி வந்து, "ஒண்டுமில்ல புள்ள, பயப்படாதங்க, இத ரெண்டு சொட்டு பருக்குங்க" என்றார். என் அம்மா கிளாஸை வாங்கி எனக்குத் தந்துவிட்டு, குழந்தையை வெயிலிலிருந்து கடைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். வீதியோரத்தில் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இங்கே மோதல் நடந்தால் முதல் அரை மணித்தியாலம் யார் பிழை என்ற வாதத்திலேயே கழிகிறது, அதுவரை பச்சைப்பிள்ளை மதிய வெயிலில் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும்.

அன்று வைத்தியர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று நீங்கள் போகும்போது உங்கள் முன்னாலும் ஏறத்தாழ இதுதான் நடக்கும். முதலில் சட்டை முழுவதையும் கழற்றச் சொன்னார். விரல் நுனிகளை முடிக்குள் விட்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை, காதின் பின்புறம் உட்பட, மெதுவாக ஊர்ந்தாற்போல் தடவிப் பார்த்தார். குழந்தை அழுகையை நிறுத்தும் வரை காத்திருந்து, நிமிர்த்திப் பிடித்த நிலையில் உச்சிக்குழியைத் தொட்டார். அழும்போது அது இயல்பாகவே புடைத்துக்கொள்ளும் என்பதால் அப்போது பார்ப்பதில் பயனில்லை என்றார். பிறகு காறை எலும்பு, விலா, வயிறு, கைகால்களின் அசைவு, கண்மணிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் முடிந்த பின் என்னைப் பார்த்து, "உங்களுடைய கண்ணுக்குப் பிள்ளை வழமை போலத்தான் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

அது உபசாரத்துக்குக் கேட்ட கேள்வி என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது ஒரு மருத்துவ அளவுகோல். தலையில் அடிபட்ட 42,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2009 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு கேள்விகளை முன்வைத்தது. விழிப்புநிலை சரியாக இருக்கிறதா, நெற்றி தவிர்ந்த இடத்தில் தலைவீக்கம் இருக்கிறதா, ஐந்து வினாடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியதா, விபத்து கடுமையானதா, மண்டையோட்டில் உடைவு தட்டுப்படுகிறதா, பெற்றோர் பார்வையில் பிள்ளை வழமை போல் இருக்கிறதா என்பவையே அவை. ஆறிலும் பாதகம் எதுவும் இல்லாத பிள்ளைக்கு மூளையில் பாரதூரமான காயம் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, சிடி ஸ்கேன் தேவைப்படாது என்பது அதன் முடிவு. வாகன விபத்தில் கடுமையானது என்று அது எடுத்துக்கொண்டது, பிள்ளை வெளியே தூக்கி எறியப்படுவதையும், வாகனம் குடைசாய்வதையும், கூட இருந்தவர் இறந்துபோவதையும்தான். உங்கள் பம்பர் நெளிந்தது அந்தக் கணக்கில் வராது. ஆகவே ஸ்கேன் எடுக்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். சிடி ஸ்கேனிலும் கதிர்வீச்சு உண்டு, வளரும் மூளைக்கு அதைக் காரணமின்றிக் கொடுக்க நல்ல வைத்தியர் எவரும் விரும்ப மாட்டார்.

உங்கள் விடயத்தில் வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பின்னாலிருந்து இடிபடும்போது நம் உடல் முதலில் இருக்கையின் சாய்மானத்தோடு அழுந்தும், மடியில் இருந்த பிள்ளை உங்கள் மார்போடு அழுந்தியிருக்கும். காரும் முன்னே நகர்ந்து சட்டென்று நின்றிருந்தால், முன் இருக்கையின் முதுகுப் பக்கம் தட்டியிருக்கவும் கூடும். உங்கள் நாடியோ, காப்போ, முழங்கையோ அதன் தலையில் பட்டதா, அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, உடனே அழுததா, கொஞ்ச நேரம் மயங்கினாற்போல் கிடந்து பிறகு அழுததா என்பவற்றை, மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயந்த மனம் இரண்டாம் நாளே கதையை மாற்றிவிடும்.

வீட்டுக்கு வந்த பின் முதல் 24 மணித்தியாலம் கூடுதல் கவனமாகவும், மொத்தம் 48 மணித்தியாலம் வரையிலும் கவனியுங்கள். திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல், பாலை மறுத்தல் அல்லது உறிஞ்சப் பலமின்றிச் சோர்தல், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், எதற்கும் அடங்காத கீச்சென்ற அழுகை, வலிப்பு, அமைதியாக நிமிர்ந்திருக்கும்போதும் புடைத்து நிற்கும் உச்சிக்குழி, தலையின் பக்கவாட்டில் கொழகொழவென்ற வீக்கம், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், ஒரு கையையோ காலையோ அசைக்காமை, தூக்கும்போது மட்டும் வீரிட்டு அழுதல், வயிறு ஊதுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் கிளம்புங்கள். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒரு தடவை கக்கியதை இதில் சேர்க்காதீர்கள். பால் குடித்த பிள்ளை கக்கத்தான் செய்யும்.

தூங்க விடலாமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். விடலாம். தலையில் அடிபட்ட பிள்ளையை விடிய விடிய விழித்திருக்க வைக்க வேண்டும் என்று ஊரில் சொல்வது தேவையற்றது. மூச்சு ஒழுங்காக இருக்கிறதா, நிறம் மாறவில்லையா, தொட்டால் முகம் சுளித்து அசைகிறதா என்று வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பார்த்தால் போதும். குலுங்கியதால் மூளை பாதிக்கப்பட்டிருக்குமோ என்ற பயமும் வழக்கமாக வருவது. குலுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வரும் மூளைக்காயம் என்று நாம் கேள்விப்படுவது, பெரிய ஆள் ஒருவர் ஆத்திரத்தில் பிள்ளையைப் பிடித்துத் திரும்பத் திரும்ப மூர்க்கமாக உலுக்குவதால் உண்டாவது. மெதுவாக ஊர்ந்த ஓட்டோ கொடுத்த ஒற்றைக் குலுக்கல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

வீட்டுப் பெரியவர்கள் நூல் கட்டட்டும், கண்ணூறு கழிக்கட்டும், அதனால் அவர்கள் மனம் ஆறும் என்றால் தடுக்காதீர்கள். நூலைக் கழுத்தில் மட்டும் கட்ட விடாதீர்கள். ஆனால் எண்ணெய் போட்டுக் கழுத்தையும் முதுகையும் தடவி நெட்டி எடுப்பதை வைத்தியர் பார்க்கும் முன் கட்டாயம் தடுக்க வேண்டும், ஏனென்றால் காறை எலும்பிலோ விலாவிலோ சிறு வெடிப்பு இருந்தால் தடவல் அதைப் பெரிதாக்கும். பயந்த தாயின் பால் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதிர்ச்சியில் பால் சுரந்து இறங்குவது கொஞ்ச நேரம் தாமதிக்கலாம், பால் கெட்டுப்போவதில்லை. தொடர்ந்து கொடுத்தால் இருவருக்குமே படபடப்புத் தணியும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். என் மகனைப் பார்த்து நல்லம் என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் கண்ணை மூடினால் பட்டா வாகனத்தின் முகம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டு வந்தது. இரவில் எழுந்து மூச்சுப் பார்ப்பேன், அவன் அசையாவிட்டால் சீண்டி எழுப்புவேன், அவன் அழுதால் எனக்கு உயிர் வரும், அவனுக்குத் தூக்கம் போகும். என் கணவரோ அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவருக்குப் பயம் இல்லை என்று கோபப்பட்டேன். அவர் காரை எடுக்காமல் மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்ததைப் பார்த்த பிறகுதான் அதுவும் பயந்தான் என்று விளங்கியது.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது அவரிடம்தான் இதை முதலில் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கொப்பியில் நிறையைப் பதிந்துவிட்டு, இரவில் மூச்சுப் பார்க்கும் முறையை அம்மாவோடு பங்குபோட்டுக்கொள்ளச் சொன்னார், அம்மாவின் முறையில் நான் எழும்பக் கூடாது என்றும் சொன்னார். கேட்கச் சாதாரணமாக இருக்கலாம், எனக்கு அதுதான் உதவியது. தாய் வீட்டோடு இருப்பது நம் மட்டக்களப்பு வழக்கம் என்பதால், உங்களுக்கும் அந்த முறையை ஏற்க ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன். 48 மணித்தியாலம் கழிந்து, பிள்ளை பாலும் தூக்கமும் சிரிப்புமாக இருக்கும்போது, புதிதாக ஓர் அடையாளமும் இல்லாமல் மீண்டும் வைத்தியரிடம் ஓடத் தோன்றினால், அந்தப் பயம் பிள்ளையின் உடம்பிலிருந்து வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகத் தணியும். ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சி விடாமல் வந்தால், பிள்ளை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியாவிட்டால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் இத்தகைய பதற்றம் வருவது சாதாரணம், சிகிச்சைக்கு அது நன்றாகக் கட்டுப்படும்.

கோயில் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், மடிப் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, நம் பகுதியில் பத்துக் காரில் ஒன்றில்கூடக் குழந்தை இருக்கை இருக்குமா என்பது சந்தேகம். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 6 கிலோ பிள்ளை உங்கள் கையில் ஏறத்தாழ 50 கிலோவாக, அதாவது ஒரு சீமெந்து மூட்டையாக, முன்னே இழுக்கும். அதைப் பிடித்து வைக்க எவராலும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவருவதானால், ஐக்கிய நாடுகளின் ஆர்129 அல்லது ஆர்44 என்ற தரச் சின்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர்129 தரத்தில் குறைந்தது 15 மாதம் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் அதை ஒருபோதும் பூட்டக் கூடாது.

யாராவது பாவித்த இருக்கையைத் தர முன்வந்தால் அது விபத்தில் பட்டதா என்று கேளுங்கள். மோதலுக்குப் பின் காரை ஓட்டிச் செல்ல முடிந்தது, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு பழுதாகவில்லை, எவருக்கும் காயமில்லை, காற்றுப்பை விரியவில்லை, இருக்கையில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை என்ற ஐந்தும் பொருந்தினால் தொடர்ந்து பாவிக்கலாம் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். சில உற்பத்தியாளர்கள் எந்த மோதலுக்குப் பிறகும் மாற்றச் சொல்வார்கள், கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படியே செய்யுங்கள். எங்களுடையதில் ஐந்தும் பொருந்தின, கையேடும் தடுக்கவில்லை, அதையே வைத்துக்கொண்டோம்.

அதற்குள் இருக்கை கிடைக்காவிட்டால், மாமாங்கத்துக்கு விடியற்காலையில், வீதி வெறுமையாக இருக்கும்போது, மெதுவாகப் போங்கள். நீங்கள் பின் இருக்கையில் அமர்ந்து, இருக்கைப் பட்டியை உங்களுக்கு மட்டும் பூட்டுங்கள், பிள்ளையையும் சேர்த்துப் பூட்டினால் இடிபடும்போது உங்கள் உடல் அதை நசுக்கும். காரோட்டுபவரிடம் முன்னால் போகும் வாகனத்திலிருந்து நன்றாக இடைவெளி விடச் சொல்லுங்கள். வழியில் கைகால் நடுங்கினால் ஓரமாக நிறுத்தச் சொல்லவும் வெட்கப்படாதீர்கள்.