காலையில் எடுக்காத வண்டி

கேள்வி: அப்பா பால் ஊற்றப் போன பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட் ஒன்று வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் நாலு மாதம் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது. இப்போது காலையில் முப்பது உதை உதைத்தால்தான் எடுக்கிறது. எடுத்துவிட்டால் நன்றாக ஓடுகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. புது பிளக் போட்டாச்சு. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது நன்றாக இழுக்கிறது என்றால் மெயின் ஜெட் (வேகமாக ஓடும்போது பெட்ரோல் போகிற துளை) வேலை செய்கிறது, கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்துகிற அழுத்தமும், பெரிதாகப் போயிருக்காது. காலையில் எடுக்கவில்லை, சிக்னலில் நிற்கவில்லை, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் பைலட் ஜெட் மேல்தான் போகும். ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் இருக்கும்போது இஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற வழி அது. ஓட்டை ஊசிமுனை அளவுதான். நாலு மாதம் நின்ற வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும், அதில் கலந்த ஆயில் மட்டும் பிசின் மாதிரி தங்கி அந்த ஓட்டையை அடைத்திருக்கும்.

ஆனால் கார்புரேட்டரைக் கழற்றும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சோக் (குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற அமைப்பு) போட்டுப் பத்து உதை உதைத்துவிட்டு உடனே கழற்ற வேண்டும், அதுதான் முக்கியம். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் சரியில்லை, அல்லது உதைத்து உதைத்து பெட்ரோல் அதிகமாக ஏறிவிட்டது. அப்படி ஏறியிருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை ஆஃப் செய்து, பிளக் இல்லாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி ஐந்தாறு உதை உதையுங்கள், வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்துப் போட்டுவிட்டு, இந்த முறை சோக் இல்லாமல் முயற்சி செய்யுங்கள்.

தீப்பொறி பார்க்க, பிளக்கை கேப்பில் மாட்டி அதன் மரைப்பகுதி இஞ்சினின் இரும்பில் நன்றாகத் தொடும்படி பிடித்து, சாவியை ஆன் செய்து உதையுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று வர வேண்டும். மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் பிளக் கேப், காயில் (தீப்பொறிக்கு மின்சாரத்தை உயர்த்திக் கொடுக்கும் பாகம்) இரண்டையும் பார்க்க வேண்டும். பிளக் துளையில் இருந்து பெட்ரோல் ஆவி தெறிக்கும் என்பதால் அதன் அருகில் பொறி வரக்கூடாது, தயவுசெய்து இதை அலட்சியமாக எடுக்காதீர்கள். புது பிளக் என்றாலும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

உங்கள் வண்டியில் பிளக் காய்ந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் வேலை பழைய பெட்ரோலை முழுக்க இறக்குவது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும், டேப் பெட்ரோல் எடுக்கிற இடமும் அதே அடிதான். இறக்கியதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் வைத்தால் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். அப்புறம் டேப்பின் வலையைக் கழுவி, கார்புரேட்டரைத் திறந்து, பைலட் ஜெட்டைக் கழற்றி, கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பி மட்டும் விடாதீர்கள், ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிட்டால் அதன் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

இன்னொன்று. சோக் போட்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அப்போது உறிஞ்சும் இழுப்பு குறைந்து சோக் போட்ட பயனே போய்விடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் சோக்கை எடுத்தால் ஆஃப் ஆகிறது என்றால் எங்கேயோ வெளிக்காற்று ஏறுகிறது. முதலில் கார்புரேட்டர் கேஸ்கெட் (இணைப்பில் காற்றுப் புகாமல் வைக்கிற அட்டை), அதற்கடுத்து கிராங்க் ஆயில் சீல் (இஞ்சின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்). டூ-ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது, அதனால் சீல் கசிந்தால் ஸ்டார்ட்டிங்கே கெடும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: இஞ்சின் நாள்பட உழைக்கட்டும் என்று லிட்டருக்கு 50 மில்லி ஆயில் ஊற்றுகிறேன். தப்பா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தப்புதான். பொதுவாக 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) லிட்டருக்கு 20 மில்லி, உங்கள் வண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஊற்றினால் பிளக் கருத்துப் பிசுபிசுக்கும், சைலன்ஸரில் கரி அடையும், புகை வெளியேற வழியில்லாமல் ஸ்டார்ட்டிங்கும் இழுப்பும் சேர்ந்தே குறையும். இதுவரை ஊற்றியதற்கு சைலன்ஸரை ஒருமுறை கழற்றிக் கரி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஒரே உதையில் எடுக்கிறது. இருபது கிலோமீட்டர் ஓட்டி டீக்கடையில் நிறுத்தினால் அப்புறம் அரைமணி நேரம் ஆறினால்தான் எடுக்கிறது. (வாசகர், பெருந்துறை)

பதில்: அடுத்த முறை எடுக்காமல் போனவுடன் டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு, ஒரு நிமிடம் விட்டு உதையுங்கள். எடுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கழுவினால் போதும். எடுக்காவிட்டால் அந்தச் சூட்டிலேயே தீப்பொறி பாருங்கள், ஆறின பிறகு பார்த்தால் நன்றாகத்தான் வரும், ஒன்றும் தெரியாது. சூட்டில் பொறி இல்லை என்றால் காயில் அல்லது சிடிஐ (தீப்பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி). தெரிந்தவர் வண்டியில் இருந்து ஒன்றை வாங்கி மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு புதிது வாங்குங்கள்.