ராக்கெட் எதை உதைத்து மேலேறுகிறது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விமானம் காற்றைப் பின்னே தள்ளி முன்னே செல்கிறது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னேறுகிறது?

பதில்: தான் சுமந்து செல்லும் பொருளையே தள்ளுகிறது. எரியறைக்குள் எரிபொருளும் ஆக்சிஜனும் கலந்து எரியும்போது உண்டாகும் வாயு நாலாபுறமும் அழுத்துகிறது. பக்கச் சுவர்களின் மீதான அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. மேற்சுவரின் மீதான அழுத்தத்துக்கு மட்டும் முழு ஈடு கிடைப்பதில்லை, ஏனெனில் அதற்கு நேர் எதிரே திறந்த வாய் இருக்கிறது. அந்த மிச்ச அழுத்தமே ராக்கெட்டை உயர்த்துகிறது. வெளியேறிய வாயு பிறகு எதன்மீது மோதுகிறது என்பது கணக்கிலேயே வருவதில்லை. இன்னும் சொல்லப்போனால், வாயு வெளியேறுவதற்கு வெளிக்காற்று ஓர் இடையூறுதான் என்பதால், அதே எஞ்சின் தரையில் தருவதைவிட வெற்றிடத்தில் கூடுதலான உந்துவிசையைத் தருகிறது.

இந்த ஐயம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கோடார்டு வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்று எழுதியபோது, பள்ளி மாணவர் அறிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை என்று 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எள்ளி நகையாடியது. 1926 மார்ச் 16 அன்று பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து அவர் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை விநாடிகளே பறந்து, சுமார் 12 மீட்டர் உயரத்தை எட்டியது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று அந்த நாளிதழ் தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. கோடார்டு மறைந்து அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: நேர்மேலே கிளம்பும் ராக்கெட் சிறிது நேரத்தில் சாய்ந்து செல்வது ஏன்? நேராகவே மேலே போனால் விண்வெளி அருகில்தானே இருக்கிறது?

பதில்: அருகில்தான் இருக்கிறது, அங்கே தங்குவதுதான் கடினம். 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. எனவே மேலே சென்ற பொருள் விழாமல் இருக்க உயரம் உதவாது, பக்கவாட்டு வேகமே உதவும். கையிலிருந்து நழுவும் பொருள் முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் விழுகிறது. பூமியின் பரப்போ, உருண்டையாக இருப்பதால், ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைகிறது. ஆகவே விநாடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் விரையும் பொருள் விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடுவதில்லை. சுற்றுவட்டப்பாதை என்பது இதுதான்.

1961ஆம் ஆண்டின் இரண்டு பயணங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் பூமியை ஒருமுறை வலம்வந்து, 108 நிமிடங்களில் திரும்பினார். மே 5 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டு 187 கிலோமீட்டர் உயரம்வரை சென்றார். உயரத்தில் குறையில்லை, ஆனால் அவருடைய வேகம் ககாரினுடைய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கால் மணி நேரத்தில் கடலில் வந்து இறங்கினார். 100 கிலோமீட்டர் உயர்த்துவதற்கு ஆகும் ஆற்றலைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு, அந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்கு ஆகிறது.

கேள்வி: சிறிய செயற்கைக்கோளுக்கு இவ்வளவு பெரிய ராக்கெட் எதற்கு? வழியிலேயே பாகங்களைக் கழற்றி எறிவதும் வீண்செலவாகத் தோன்றுகிறதே?

பதில்: ரஷ்ய ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாட்டில் இதற்கு விடை இருக்கிறது. வெளியேறும் வாயுவின் வேகத்துக்குச் சமமான வேகத்தை ராக்கெட் அடைய வேண்டுமானால், கிளம்பும்போது அதன் நிறை முடிவில் எஞ்சும் நிறையைப்போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். இருமடங்கு வேகத்துக்கு அது 7.4 மடங்காகவும், மும்மடங்குக்கு 20 மடங்காகவும் ஏறிவிடுகிறது. மேலே கொண்டுசெல்லும் எரிபொருளையே சுமப்பதற்கு இன்னும் எரிபொருள் வேண்டும் என்பதால் வரும் வினை இது. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் வாயுவின் வேகம் விநாடிக்கு மூன்று கிலோமீட்டரை ஒட்டியது. காற்றின் தடையையும் புவியீர்ப்பினால் நேரும் இழப்பையும் சேர்த்தால் நமக்குத் தேவைப்படும் வேகம் விநாடிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல், ஏறத்தாழ மும்மடங்கு. அதாவது இருபது பங்கில் பத்தொன்பது எரிந்துபோக, எஞ்சும் ஒரு பங்குக்குள் தொட்டிகள், எஞ்சின்கள், செயற்கைக்கோள் எல்லாம் அடங்க வேண்டும்.

காலியான தொட்டியையும் கடைசிவரை இழுத்துச் செல்வது இந்தக் கணக்கில் கட்டுப்படியாகாது. தனித்தனித் தொட்டியும் எஞ்சினும் கொண்ட அடுக்குகளாக ராக்கெட்டைக் கட்டி, எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றிவிடுவது அதனால்தான், ஊதாரித்தனத்தால் அன்று. மற்றொரு வழி, வாயுவின் வேகத்தையே கூட்டுவது. திரவ ஹைட்ரஜனை எரித்தால் அது விநாடிக்கு 4.4 கிலோமீட்டர்வரை உயர்கிறது. ஆனால் ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொண்டு, சில மீட்டர் தள்ளி மூவாயிரம் டிகிரியில் எரிக்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினைக் கைவரச்செய்த நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: நிலவுக்குச் செல்லும்போது வழி நெடுக எஞ்சின் எரிந்துகொண்டே இருக்குமா?

பதில்: இல்லை. அப்பல்லோ 11 புவிச் சுற்றுப்பாதையிலிருந்து சுமார் ஆறு நிமிடம் எஞ்சினை இயக்கிப் புறப்பட்டது. அதன்பின் மூன்று நாட்களும், வழியைத் திருத்திய சில விநாடிகளைத் தவிர, வெறும் மிதப்புதான்.

கேள்வி: இப்போது சில ராக்கெட்டுகள் தரைக்குத் திரும்பி வந்து நிற்கின்றன. அப்படியானால் நீங்கள் சொன்ன கணக்கு மாறிவிட்டதா?

பதில்: கணக்கு அப்படியே இருக்கிறது, அதற்குள் ஒரு பேரம் நடக்கிறது. 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, சுற்றுவட்டப்பாதைக்குச் செயற்கைக்கோள்களை அனுப்பிய பயணத்திலேயே, முதன்முறையாகத் தரையிறங்கியது. இறங்குவதற்காக எரிபொருளில் ஒரு பகுதியை மிச்சம் வைக்க வேண்டும், கால்களையும் சுமந்து செல்ல வேண்டும். அந்த அளவுக்கு மேலே அனுப்பும் சுமை குறையும். எஞ்சின்களைத் திரும்பப் பயன்படுத்துவதில் மிஞ்சும் பணம் அந்த இழப்பைவிடப் பெரிது என்பதால் பேரம் படிந்தது. இந்த ராக்கெட்டில் திரும்பி வருவது முதல் அடுக்கு மட்டுமே என்பதையும் கவனியுங்கள். மேலடுக்கில் இறங்குவதற்கென்று ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளின் பங்கிலிருந்து அப்படியே ஒரு கிலோவைப் பிடுங்கிக்கொள்கிறது.