மொடல் டாங்கிக் காட்சிகளுக்குக் கல் பாவிய தெரு செய்வது: வாசகர் கேள்வி-பதில்

தெருக் கல் எத்தனை மி.மீ. இருக்க வேண்டும்? (வெள்ளவத்தை)

எந்த ஸ்கேலுக்கு? 1/35 என்றால் மொடல் நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. அதை எழுதாமல் கேட்டால் எதைச் சொல்வது? ஐரோப்பியத் தெருக்களில் சிறிய கல் ஏறத்தாழ 10 செ.மீ., பெரியது 16 முதல் 20 செ.மீ. அப்படியானால் 1/35க்கு 3 முதல் 6 மி.மீ., 1/48க்கு 2 முதல் 4, 1/72க்கு ஒன்றரை முதல் 3. 1/35இல் ஒரு சென்ரிமீற்றர் கல் வெட்டினால் நிஜத்தில் அது 35 செ.மீ. பாளம். பக்கத்தில் நிற்கும் சிப்பாய் சிறுவனாகிவிடுவான். கத்தியை எடுக்க முன் ஸ்கேலை முடிவுசெய்யுங்கள்.

ரீவி பெட்டியோடு வந்த ரிஜிபோமில் செதுக்கலாமா?

கூடாது, மணி மணியாக உதிரும். அடியில் உயரம் கொடுக்க மட்டும் அது உதவும். மேலே எக்ஸ்பிஎஸ் போம் (மணி இல்லாத இறுக்கமான போம்), இல்லாவிட்டால் கடதாசி உரித்த போம் போர்ட். கடதாசியை ஈரத்துணியால் நனைத்து ஐந்து நிமிடம் விட்டால் கிழியாமல் வரும்.

ஸ்ப்ரே ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்ததும் தெரு முழுக்கக் குழி விழுந்துவிட்டது.

கரைப்பான் போமைத் தின்றுவிட்டது. சுப்பர் குளூவும் இதையே செய்யும். பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) கறுப்பு அக்ரிலிக் வர்ணம் கலந்து, மூட்டுகளுக்குள்ளும் இறங்கும்படி இரண்டு கோட் தூரிகையால் பூசுங்கள். அதன் மேலும் ஸ்ப்ரே வேண்டாம். கரைப்பான் உள்ளே புக ஓர் ஊசித்துளை போதும். எதையும் முதலில் கழிவுத் துண்டில் பூசிப் பாருங்கள்.

கல் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, ஆனாலும் டாங்கி மிதக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். (கொட்டாஞ்சேனை)

படத்தில் தெரு கரம் பலகை போல மட்டமாக இருக்கிறது. வருகிற படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒவ்வொரு கல்லின் முகத்துக்கும் மணிக்கணக்காகச் செலவழிப்பவர்கள், மழைநீரை ஓரத்துக்கு அனுப்பத்தான் தெருவே சரிந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். நடு உயர்ந்து இரு பக்கமும் 30க்கு 1, 40க்கு 1 என்ற அளவில் சரிய வேண்டும். 6 மீற்றர் அகலத் தெருவின் நடு, ஓரத்தைவிட 8 முதல் 10 செ.மீ. உயரம், 1/35இல் சுமார் இரண்டரை மி.மீ. நடுக்கோட்டில் அந்தக் கனத்துக்கு ஓர் அட்டைப் பட்டி ஒட்டி, அதன்மேல் 5 மி.மீ. போமை வளைத்து ஒட்டி, ஓரங்களில் பாரம் வைத்து ஓர் இரவு விடுங்கள். கல்லைக் கீறுவது அதற்குப் பிறகுதான். கீறிய போமை வளைத்தால் மூட்டுகள் வாய் பிளக்கும்.

அடுத்தது திசை. வரிசைகள் தெருவின் குறுக்கே ஓட வேண்டும், ஒவ்வொரு வரிசையும் அரைக் கல் தள்ளி. நீளவாக்கில் மூட்டு ஓடினால் சில்லுகள் அதிலேயே உருண்டு பள்ளம் பறிக்கும். குதிரைக் குளம்புக்கும் குறுக்கு மூட்டில்தான் பிடி. ஓரக்கானில் மட்டும் இரண்டு மூன்று வரிசை ஓரக்கல்லோடு சேர்ந்து நீளமாகப் போகும். ஓரக்கல்லின் உயரம் 10 முதல் 15 செ.மீ., அதாவது 3 அல்லது 4 மி.மீ. உங்கள் படத்தில் அது ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல் தெரிகிறது. சிப்பாயின் முழங்காலைத் தொடுகிறது.

கடைசியாக டாங்கி. சில்லுகளை ஒட்ட முன் வாகனத்தைத் தெருவில் வைத்து, சில்லுகளைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளை மேலும் கீழும் நகர்த்திச் சங்கிலி முழு நீளத்துக்கும் கல்லில் படியச் செய்யுங்கள். சில்லை இறுக ஒட்டிவிட்டுப் பிறகு தெருவைத் தேடினால் டாங்கி மிதக்கத்தான் செய்யும்.

காற்றில் உலரும் களிமண் வெடிக்கிறது.

வெயிலில் வைத்திருப்பீர்கள், அல்லது மின்விசிறிக்குக் கீழே. களிமண் உலர உலரச் சுருங்கும். மேல்பக்கம் முந்திக்கொண்டால் வெடிப்பு. பலகையில் பைண்டர் கம் தடவி, 3 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வந்த வெடிப்பை அதே களிமண்ணை நீரில் குழைத்து அடையுங்கள்.

காலிமுகத்திடல் மணலால் மூட்டை நிரப்பலாமா?

வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், பிறகு வெள்ளையாகப் பூக்கும். கழுவினாலும் அரை மி.மீ. மணி 1/35இல் ஏறத்தாழ 2 செ.மீ. கூழாங்கல். டைல் குரவுட் பொடியை உலர்ந்தபடியே தூரிகையால் இறக்கி, கல்லின் முகத்தைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி கலந்த தண்ணீரைச் சொட்டுங்கள். அதன் பிறகு நாலு பங்கு நீரில் ஒரு பங்கு பைண்டர் கம். சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டால் பொடி உருண்டை உருண்டையாகத் திரளும். இதையும் கழிவுத் துண்டில் முதலில்.

கறுப்பு வாஷ் (நீர்த்த வர்ணம்) கொடுத்ததும் கோடு போட்ட கொப்பி மாதிரி ஆகிவிட்டது.

கறுப்பை விடுங்கள், மெல்லிய கரும்பழுப்பு போதும். அதற்கு முன் ஐந்து கல்லுக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல், சாம்பலில் சிறிது பழுப்போ நீலமோ கலந்து தொடுங்கள். சில்லு ஓடும் தடத்தில் கல் தேய்ந்து வெளிறும். ட்ரை பிரஷ் (வர்ணத்தைத் துடைத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) அங்கே கூடுதலாக.

மழை நனைத்த தெரு?

பளபளப்பு வார்னிஷ் ஓரக்கானிலும் பள்ளங்களிலும் மட்டும். நடுவில் தேங்கினால் பிழை.

ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து, பலகையும் வளைந்துவிட்டது. (தெஹிவளை)

கொழும்பு ஈரத்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான். எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகையின் இரு பக்கமும் விளிம்பும் முதலிலேயே வார்னிஷ் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து வளையும். நீர்த்த பைண்டர் கம்மில் கிருமிநாசினி சில துளி விடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்க முன் ஒரு கிழமையாவது வெளியே உலரட்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியைக் காட்சியில் உள்ள மொடல் வீட்டுக்குப் பின்னால் ஒளித்து, மழைக்காலத்தில் மாற்றுங்கள்.