ஆயிரம் பிள்ளைகளின் பெயர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் பழைய மாணவிகள் ரொறன்ரோவில் வெளியிடவுள்ள மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பாடசாலை' என்று தொடங்கச் சொல்கிறார்கள் மூத்தவர்கள். மதம் மாற்றுவதற்காகத் திறந்த பள்ளியை எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று கேட்கிறாள் என் மகள். பெருமையோடு எழுதுவதா, கூச்சத்தோடு எழுதுவதா? வரைவை இணைத்திருக்கிறேன். என் பூட்டியும் அங்கேதான் படித்தாராம், பெயர் தெரியவில்லை.

*

அன்புள்ள தங்கைக்கு,

'முதல்' என்ற சொல்லுக்காக மூத்தவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பள்ளி தொடங்கிய 1824 என்ற ஆண்டே போதிய அளவு பேசும். மகளுக்கும் ஒளிக்காமல் விடை சொல்லுங்கள். அமெரிக்க மிஷனரிமார் மதம் பரப்பவே வந்தார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்குத் தொடக்க காலத்தில் மிஷனே சீதனம் கொடுத்தது. மிஷன் பள்ளிகள் விடுத்த சவாலுக்கு விடையாகத்தான் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பக்கத்திலேயே, மருதனார்மடத்தில், சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். இரண்டையும் எழுதுங்கள். 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. பூட்டியின் பெயர் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, அது ஒரு குறையே அல்ல என்பதுபோல் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். உங்கள் வரைவையும் இரண்டு முறை வாசித்தேன். பள்ளியைத் தொடங்கி 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்துபோன ஹரியட் வின்ஸ்லோ இருக்கிறார். 1862இல் தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ இருக்கிறார். 1840இல் வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்து, ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் 1883இல் கண்மூடிய எலிசா அக்னியூ இருக்கிறார். அவரை 'ஆயிரம் பிள்ளைகளின் தாய்' என்று நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருத்தியின் பெயராவது உங்கள் நான்கு பக்கங்களில் இருக்கிறதா? மழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கிய இரண்டு சிறுமிகளின் கதையையும் சொல்கிறீர்கள். வழிவழியாக வரும் அந்தக் கதையை நான் கேட்ட போதெல்லாம் அவர்கள் 'இரண்டு சிறுமிகள்' மட்டுமே. நீங்களும் அப்படியே கடந்துவிட்டீர்கள்.

இது சிறிய விடயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை ஏற்கும் அமெரிக்கர் அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம் என்ற வழக்கம் இருந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேய்சனும் யாழ்ப்பாணத் தமிழர்கள் என்றால் இன்று எத்தனை பேர் நம்புவார்கள்? ஆனாலும் மிஷன் ஆண்களுக்கு நடத்திய உயர்கல்விக் கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த ஆண்களில் பலர் இரண்டு பெயர்களையும் காப்பாற்றிக்கொண்டார்கள். கறல் விசுவநாதபிள்ளை என்றும் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றும் அவர்களை இன்றும் சொல்கிறோம், ஏனெனில் அவர்கள் நூல் எழுதினார்கள், அச்சில் தம் பெயரைத் தாமே போட்டார்கள். உடுவிலில் படித்த பெண்ணுக்கு வீட்டார் இட்ட பெயர் ஒன்று, பள்ளியில் இட்ட பெயர் ஒன்று. மணமான பிறகு இரண்டுக்கும் மேலே கணவர் பெயர் வந்து அமர்ந்துகொண்டது.

என் அம்மம்மாவும் உடுவிலில் படித்தவர். கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழையையும் பொறுக்கமாட்டார். நான் விடுதியிலிருந்து எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவர். அவர் இறந்த அன்று மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பள்ளியில் பெற்ற ரூத் என்ற பெயரைப் போடச் சொன்னார் பெரிய மாமா. தெய்வானை என்றுதான் ஊருக்குத் தெரியும் என்றார் சின்ன மாமா. முற்றத்தில் குரல்கள் உயர்ந்தன. சண்டையை முடிப்பதற்காக இன்னாரின் அன்பு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாய் என்று நான் எழுதிக் கொடுத்தேன், அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். என் பிழைகளையெல்லாம் திருத்திய பெண்ணைப் பற்றி நான் எழுதிய கடைசி வாசகத்தில் அவர் பெயரே இல்லை. அதைத் திருத்தவும் அவர் இல்லை.

ஆகவே உங்கள் மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என் மீதுள்ளது. மீதிப் பாதி உங்களுக்கே உரியது, ஏனெனில் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பூட்டியைப் பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் நாளைக்கே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். பெயர் நினைவில்லை என்றால் பிறந்த ஊரைக் கேளுங்கள், எந்தத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது என்று கேளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தேடித் தர ஊரில் ஒருவரைப் பிடியுங்கள். மலர்க் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு உடுவில் பெண்களின் இரண்டு பெயர்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றுக்கு இடம் வேண்டுமென்றால் கட்டடங்களைப் பற்றிய மூன்றாம் பக்கத்தை எடுத்துவிடலாம். என் அம்மம்மாவின் பெயரை 'ரூத் தெய்வானை' என்று சேர்த்தே போடுங்கள்.