“எப்பவும் அவன்தான் கீழே படுப்பான்”

கேள்வி: எனக்கு வயது 41, தம்பிக்கு 37. நான் திருச்சியில் இருக்கிறேன், அவன் ஓசூரில். அப்பாவின் முதல் வருஷ திதி முடிந்த அன்று ராத்திரி, மொட்டைமாடியில் பாய் விரித்துப் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ரெஸ்லிங் பக்கம் போனது. அண்டர்டேக்கரும் ஸ்டிங்கும் நல்ல ஃபார்மில் இருந்தபோது மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று வாக்குவாதம். நான் அண்டர்டேக்கர் என்றேன். அவன் ஸ்டிங் என்றான் (கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன பிறகு இன்டர்நெட்டில் பார்த்து ஸ்டிங் ரசிகன் ஆனவன்). எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கோபத்தில், “நீ எப்பவுமே தோக்கிறவன் பக்கம்தான்டா நிப்ப” என்று சொல்லிவிட்டேன். விடிவதற்குள் மனைவி, பையனை எழுப்பிக் காரில் கிளம்பிவிட்டான். ஏழு மாதமாகப் பேச்சில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சின்ன வயதில் மெத்தையைத் தரையில் போட்டு இருவரும் ரெஸ்லிங் விளையாடுவோம் (நான்தான் அண்டர்டேக்கர், எப்பவும் அவன்தான் கீழே படுப்பான், அப்பா தரையில் தட்டி மூணு எண்ணுவார்). அவ்வளவு பாசமாக இருந்தவன் ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இப்படிச் செய்யலாமா? சின்னவன் அவன்தானே முதலில் பேச வேண்டும்? யார் சொன்னது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் இரண்டரைப் பக்கம் அண்டர்டேக்கருக்கே போயிருக்கிறது. உயரம் ஆறு அடி பத்து அங்குலம், 1990-ல் அறிமுகம், 1991-ல் தொடங்கி 2013 வரை, வருஷா வருஷம் நடக்கும் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் 21 வெற்றி, ஒரு தோல்வி இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் தம்பி ஸ்டிங் ஏன் ஜெயிப்பார் என்று சொன்னார்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. ராத்திரி முழுக்கப் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுகூட உங்கள் நினைவில் நிற்கவில்லை.

உடன்பிறந்தவர்கள் பேசாமல் போன கடிதங்கள் எனக்கு மாதம் தவறாமல் வருகின்றன. இடம், நகை, பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று காரணம் மாறும். எல்லாவற்றிலும், எழுதியவர் முக்கியம் என்று நினைக்காமல் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் விஷயம் இருக்கும். உங்கள் கடிதத்தில் அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். “எப்பவும் அவன்தான் கீழே படுப்பான்.”

எப்பவும் என்றால் எத்தனை வருஷம்? உங்களுக்குப் பத்து, அவருக்கு ஆறு என்று ஆரம்பித்திருந்தால், நாலைந்து வருஷமாவது ஓடியிருக்கும். ஞாயிறு, லீவு நாள், மழை நாள் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். மேலே அண்ணன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகிறார். மூன்று வரை தோள் தரையிலேயே கிடந்தால் தோல்வி. ஒருமுறையாவது மூன்றுக்கு முன்னால் அவர் தோளைத் தூக்கினாரா? தூக்க விட்டீர்களா? நீங்கள் இதைப் பாசம் என்று எழுதுகிறீர்கள். பாசம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாசம் யாருடையது என்றுதான் கேட்கிறேன். படுத்தது அவர்.

எனக்கும் இரண்டு பையன்கள். தொண்ணூறுகளில் என் வீட்டிலும் கேபிள் டிவியில் இதே கூத்துதான். பள்ளிக்கூடப் பையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுக் கட்டு இருக்கும். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கார்டைப் பிடுங்குவார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அங்கே முடிவை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். 1989-லேயே, இதை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்திடம் இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இதிலிருந்து வருகிற அடுத்த விஷயத்தை நீங்கள் யோசிக்கவே இல்லை. முடிவு பேசி வைத்தது என்றால், மேடையில் பெரிய வேலை தோற்பவருக்குத்தான். அடி வாங்குவது, தூக்கும்போது உடம்பைக் கொடுப்பது, விழும்போது விழுந்ததைப் பார்ப்பவர் நம்பும்படி விழுவது எல்லாம் அவர் பொறுப்பு. அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் பிடியில் ஒருவரைத் தலைகீழாகப் பிடித்து முட்டி போடும்போது, பணயம் வைத்திருப்பது கீழே தொங்குபவரின் கழுத்து. அவர் நம்பிக் கொடுத்தால்தான் மேலே இருப்பவர் அண்டர்டேக்கர்.

உங்கள் வீட்டு மெத்தையில் உங்களை அண்டர்டேக்கர் ஆக்கியவர் உங்கள் தம்பி.

சரி, ஸ்டிங்குக்கு வருகிறேன். தம்பி ஏன் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டார் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? ஹாஸ்டலுக்குப் போய், உங்கள் மெத்தையும் உங்கள் டிவியும் இல்லாத இடத்தில், அவராகவே தேடி எடுத்த ஆள் ஸ்டிங். டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனியின் பெரிய நட்சத்திரம். 2001-ல் அந்தக் கம்பெனியை டபிள்யூ.டபிள்யூ.எஃப். வாங்கியபோது ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். ஸ்டிங் வரவில்லை. வந்தால் நம்மை மதிப்பார்களா என்ற சந்தேகம் அவருக்கு. பதின்மூன்று வருஷம் வெளியிலேயே நின்றார். அண்டர்டேக்கரின் வீட்டுக்குப் போய்ப் படுக்க மாட்டேன் என்று நின்ற ஒருவரை உங்கள் தம்பி தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

2014 நவம்பரில், 55 வயதில், கடைசியில் வந்தார். 2015 மார்ச்சில் ரெஸில்மேனியாவில் முதல் ஆட்டம். அதே நாள் அதே மேடையில் அண்டர்டேக்கரும் ஆடினார், ஆனால் வேறு ஆளோடு. உலகமே எதிர்பார்த்த அந்த ஜோடியைச் சேர்க்கவில்லை. ஸ்டிங்கை ட்ரிபிள் எச்சிடம் தோற்க வைத்தார்கள். செப்டம்பரில் சேத் ராலின்ஸோடு ஆடும்போது கழுத்தில் அடிபட்டது. கால் தள்ளாடிய நிலையிலும் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார், அதிலும் தோற்று. நீங்கள் சொன்ன “தோக்கிறவன்” இவர்தான். அப்புறம் அவர் இன்னொரு கம்பெனிக்குப் போய், 2024 மார்ச் 3 அன்று 64 வயதில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். அது உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லியும் இருப்பார்.

உங்கள் கணக்கில் இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 21 வெற்றி என்று எழுதி அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னர் அண்டர்டேக்கரைத் தூக்கிப்போட்டு மேலே படுத்தபோது நடுவர் மூன்று எண்ணி முடித்தார். அரங்கில் பலர் வாயில் கை வைத்து நின்றதை என் சின்னவன் எனக்குக் காட்டினான். 49 வயது, 21 வெற்றி, அத்தனையும் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் தன்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவருக்குப் படுத்தார். நீங்கள் கொண்டாடும் அண்டர்டேக்கரால் முடிந்தது. மொட்டைமாடியில், அப்பா போன வருஷம், ஒரே ஒரு ராத்திரிக்கு உங்களால் முடியவில்லை.

அண்ணன் தம்பி என்று பேசுவதால், நீங்கள் அவசியம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் வேறொன்று. 1994 மார்ச் 20, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். அண்ணன் பிரெட் ஹார்ட், தம்பி ஓவன் ஹார்ட். கனடாவின் கால்கரியில் ஒரே வீட்டில் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஓவன் கடைக்குட்டி. அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டு நிலவறையில் பையன்களுக்கும் வெளியாட்களுக்கும் குஸ்தி சொல்லிக் கொடுத்தவர். பிரெட் பெரிய சாம்பியன், ஓவனை யாரும் கவனிக்கவில்லை. கதையிலும் அதையே வைத்தார்கள்: அண்ணன் நிழலில் நின்று நின்று தம்பிக்கு மனம் கசந்துவிட்டது. அன்றைய முதல் ஆட்டம் இருவருக்கும். இருபது நிமிஷம். அண்ணன் தம்பியின் தோளில் ஏறி உருண்டு மடக்கப் பார்க்கிறார். தம்பி அப்படியே கீழே உட்கார்ந்து அண்ணனின் தோள்களைத் தரையில் அமுக்குகிறார். மூன்று. அண்ணன் சுத்தமாகத் தோற்றார். நடுவர் திரும்பிக்கொண்டார், யாரோ காலை இழுத்தார்கள் என்று எந்தச் சாக்கும் இல்லை.

அதே ராத்திரி பிரெட் கடைசி ஆட்டத்தில் யோகோசுனா என்பவரை ஜெயித்துச் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். தம்பியிடம் தோற்றதால் அவர் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்குப் பிறகு ஓவனை யாரும் “பிரெட்டின் தம்பி” என்று மட்டும் பார்க்கவில்லை. அண்ணன் படுத்ததால் வந்த பெயர் அது.

ஐந்து வருஷம் கழித்து, 1999 மே 23, கான்சாஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து ஓவன் இறந்துபோனார். வயது 34. பிரெட் அப்போது வேறு கம்பெனியில். பக்கத்தில்கூட இல்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் தம்பிக்கு 37 வயது, ராத்திரி இருட்டில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தாயா என்று நீங்கள் ஒரு போன் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அம்மாவிடம் சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பியது அவர் தப்பு. திதி வீட்டில் அதைச் செய்திருக்கக் கூடாது. அதை அவரிடம் சொல்ல வேண்டியது அம்மா. நீங்கள் அல்ல.

சின்னவன்தான் முதலில் பேச வேண்டும் என்று கேட்கிறீர்கள். எங்கே படித்தீர்கள் இதை? மூத்தவன் என்றால் முதல் மரியாதை வாங்குகிறவன் என்று யாரோ உங்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா இருக்கும்வரை நீங்கள் அண்ணன் மட்டும்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யார் மனம் கோணினாலும் வாசல் வரை போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டியவர் நீங்கள். அதற்குத்தான் மூத்தவன். இதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் கிடையாது; பழைய காலத்துப் பேச்சு என்று யார் சொன்னாலும் கவலையில்லை. அந்த ராத்திரி உங்கள் தம்பி யாரை இழந்துவிட்டு வந்து படுத்திருந்தார்? மூன்று எண்ணிய அப்பாவை. அந்தக் கை இல்லாத முதல் வருஷம் அது. அப்போதும் நீங்கள் மேலே ஏறி உட்கார்ந்து, நீயே எண்ணிக்கொள் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

யார் ஜெயித்திருப்பார்கள் என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். யாருக்காக மற்றவர் படுக்க ஒப்புக்கொள்கிறாரோ அவர். அந்தத் தொழிலில் வேறு விடை இல்லை.

இந்த ஞாயிறு ஓசூருக்குப் பஸ் ஏறுங்கள். போன் வேண்டாம், வாட்ஸ்அப்பில் சாரி என்று போடுவது வேண்டவே வேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் ஏழு மாதம் நடுவராக இருந்தது போதும். தம்பி பையனுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அப்பாவைப் பற்றியோ பொங்கலைப் பற்றியோ ஆரம்பிக்க வேண்டாம். “அன்னைக்கு நான் சொன்னது தப்புடா” என்று சொல்லுங்கள். அதோடு “ஆனா நீயும்” என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். அப்புறம், ஸ்டிங் எப்படி ஜெயித்திருப்பார் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருங்கள், அரை மணி நேரம் ஆனாலும். அவர் சொன்ன காரணத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.