தம்பி எழுதித் தரும் நிலம் வேண்டாம், உங்கள் பங்கு போதும்

கேள்வி: எனக்கு வயது 68, மனைவிக்கு 64. நியூ ஜெர்சியில் 36 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள்; இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். வரும் தை மாதம் திரும்பி வந்து, கோவையில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கித் தங்க எண்ணம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நாலரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பா 2004-இலும் அம்மா 2012-இலும் உயில் எழுதாமல் காலமானார்கள். தம்பிதான் பயிர் செய்கிறான். பட்டாவும் அவன் பெயரில். நான் வருவது தெரிந்ததும், இரண்டு ஏக்கரைத் தான செட்டில்மென்டாக எழுதித் தருகிறேன் என்கிறான். எங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளப்போகிறவன் அவன் மகன். அதனால் கோவை வீட்டை இப்போதே அவன் பெயருக்கு எழுதிவிட நினைக்கிறேன். தங்கைக்குக் கல்யாணத்தின்போதே நகையும் சீரும் செய்துவிட்டோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்? இந்தியக் குடியுரிமையைத் திரும்ப வாங்குவது நல்லதா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு பத்திரங்கள் வருகின்றன. ஒன்று தம்பி உங்களுக்கு எழுதுவது, மற்றது நீங்கள் அவர் மகனுக்கு எழுதுவது. இரண்டும் பாசத்தில் எழுதப்படுபவை. இரண்டையும் எழுத வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

முதலில் நிலம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் ஆகியவற்றை வாங்கக் கூடாது. இதுவரை பலருக்கும் தெரியும். தானமாகவும் பெறக் கூடாது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உடன்பிறந்த தம்பியே கொடுத்தாலும் அந்நியச் செலாவணி விதிகளில் அது மீறல்தான். சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது என்பதால் அந்தக் குறை தீர்ந்துவிடாது.

ஆனால் வாரிசு உரிமையாக வரும் விவசாய நிலத்துக்கு இந்தத் தடை கிடையாது. இங்கேதான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். அப்பாவின் சுயார்ஜித நிலம், அவர் உயில் எழுதவில்லை, அம்மாவும் எழுதவில்லை. அப்படியென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நிலம் இன்று மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. நாலரை ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் ஏற்கெனவே உங்களுடையது. தம்பி தருவதாகச் சொல்லும் இரண்டு ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை அவர் தர வேண்டிய அவசியமே இல்லை!

பட்டா தம்பி பெயரில் இருக்கிறதே என்பீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே ஒருவருக்கு உரிமையைக் கொடுத்துவிடாது, இன்னொருவரின் உரிமையைப் பறித்துவிடவும் செய்யாது. தஞ்சைப் பக்கம் ஊரில் இருக்கும் பிள்ளையின் பெயருக்குப் பட்டா மாறுவது வழக்கம்தான். அதைப் பெரிய சதியாகப் பார்க்க வேண்டியதில்லை.

இனி தங்கை. "நகையும் சீரும் செய்துவிட்டோம்" என்ற வரியை நான் பார்க்காத குடும்ப வழக்கு அரிது. மகளுக்குப் போட்ட நகை அவளுடைய பங்குக்கு ஈடாகாது. தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தேட வேண்டியதில்லை. தங்கையை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் மட்டும் எழுதிக்கொள்ளும் எந்தப் பத்திரமும் அவரைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே உங்களுக்குத் தேவை தான செட்டில்மென்ட் அல்ல. மூவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பாவின் மூலப் பத்திரம், பெற்றோர் இருவரின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, 2004-க்கு முன்பிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று, இவை கையில் இருக்க வேண்டும். தங்கை தம் பங்கு வேண்டாம் என்றால் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும், உங்களுக்கு வேண்டாம். கூடுதல் அரை ஏக்கரைப் பாகத்தோடு சேர்த்தே எழுதிவிடலாம் என்று பத்திர எழுத்தர் யாராவது யோசனை சொல்வார். அந்த அரை ஏக்கர், தானத்துக்கு வேறு சட்டை போட்டதுதான். ஒன்றரை ஏக்கரோடு நில்லுங்கள். பின்னாளில் அதை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கு விற்கலாம்; உங்களைப்போல் வெளிநாட்டில் இருக்கும் ஓசிஐ நண்பருக்கு விற்க முடியாது. உங்கள் பங்கையும் தம்பியே பயிர் செய்யட்டும். வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பிறகு நிலத்தைத் திரும்பப் பெறுவது லேசான காரியமில்லை.

அடுத்து கோவை வீடு. வங்கி வழியாகப் பணம் செலுத்தி இருவர் பெயரிலும் தாராளமாக வாங்கலாம். கட்டுமானத் திட்டம் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்றிருக்கிறதா, உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரமும் பிரிக்கப்படாத மனைப் பாகமும் வருகிறதா, அல்லது பெரிய வைப்புத் தொகையை வாங்கிக்கொண்டு குடியிருக்க மட்டும் விடுகிறார்களா என்று பாருங்கள். இவ்வகைக் குடியிருப்புகள் பலவற்றில் 55 அல்லது 60 நிரம்பாதவர் நிரந்தரமாகத் தங்க முடியாது. தம்பி மகன் வீட்டுக்கு உரிமையாளராக இருக்கலாம், ஆனால் உங்களோடு குடியிருந்து பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறதா? வாங்குவதற்கு முன் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சாப்பாடு பிடிக்காமலேயே திரும்பி வந்த கட்சிக்காரர் எனக்கு உண்டு.

அந்த வீட்டைத் தம்பி மகனுக்கு இப்போதே எழுதுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்தப் பிள்ளையைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். பலர் அந்தத் துணிச்சலில்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் அச்சட்டம் "மூத்த குடிமகன்" என்பதற்குச் சொல்லும் பொருள், 60 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் என்பது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு அந்தக் கதவைத் தட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் ஆயுள் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு எழுதினாலும், உங்கள் மனம் மாறும்போது செட்டில்மென்டைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

உயில் எழுதுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்யுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் எழுதப்படும் உயில்கள் பெரும்பாலும் "இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்றுதான் தொடங்கும். இங்கே உயில் எழுதிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அங்கே ஓர் உயில் எழுதினீர்கள் என்றால் கோவை வீட்டுக்கான உயில் அத்தோடு போயிற்று. ஒவ்வோர் உயிலும் எந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும் என்று அதிலேயே எழுதப்பட வேண்டும்.

பத்திர வேலைகளுக்காகத் தம்பிக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், அங்கே அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் நினைவு தப்பிய பிறகும் செல்லும் வகை அதிகாரப் பத்திரம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அது கிடையாது. கொடுத்தவர் இறந்தாலும் மனநிலை பிறழ்ந்தாலும் அதிகாரம் முடிந்துவிடும். மறதி நோய் வந்தால் பத்திரம் உதவாது என்று தெரிந்தே திட்டமிடுங்கள்: வங்கிக் கணக்குகளை மனைவியோடு கூட்டாக, இருவரில் எவரும் இயக்கும்படி வையுங்கள். உயிர்காக்கும் கருவிகள் பற்றிய உங்கள் விருப்பத்தையும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி நோட்டரியிடம் அத்தாட்சி பெற்று வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்த இந்த முறையை 2023-இல் எளிதாக்கியது.

தங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓசிஐ அட்டைக்கு நாள் வரம்பு கிடையாது, காவல்துறைப் பதிவும் தேவையில்லை. விசாவுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பு போய்வர வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். குடியுரிமை வேண்டுமானால், ஓசிஐ பதிவாகி 5 ஆண்டுகள் முடிந்து, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதங்கள் இங்கே வசித்திருக்க வேண்டும்; அமெரிக்கக் குடியுரிமையையும் விட வேண்டும். பிள்ளைகள் அங்கே இருக்கும்போது முதல் ஆண்டிலேயே அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

வரி விவரங்களை ஆடிட்டர் சொல்வார். நான் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தை மாதம் வந்தால் மார்ச் 31 வரை 75 நாள் அளவுதான். முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திராவிட்டால் அந்த நிதியாண்டில் வெளிநாட்டில் வசிப்பவராகவே கணக்கு. அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் "வழக்கமாக வசிப்பவர் அல்லர்" என்ற நிலை. அதுவரை அமெரிக்க வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் இங்கே வரியில்லை. அது முடிந்த பிறகு அமெரிக்கக் கணக்குகளை இங்கே வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவில் மட்டுமே வரிக்குரியது. நிரந்தரமாகக் குடியேறியதும், வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்இ கணக்குகளைச் சாதாரணக் கணக்குகளாக மாற்றும்படி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது. மருத்துவக் காப்பீட்டை வந்த பிறகு அல்ல, இப்போதே விசாரியுங்கள்.

முதல் வேலையாகத் தங்கையிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள், தம்பி வழியாக அல்ல. அப்பாவின் மூலப் பத்திரம் பெரும்பாலும் ஊர் வீட்டுப் பீரோவில் இருக்கும். அதன் நகலை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாகப்பிரிவினை வரைவை எழுத முடியும்.