ஆச்சி பதில்கள்: கட்டைவிரல் போட்டுட்டா கேட்டதா ஆயிருமா?

கேள்வி: ஆச்சி, எனக்கு காரைக்குடி. பேங்க் வேலை, வர்ற வருஷம் 60 முடிஞ்சு ரிட்டயர் ஆகுறேன். இளையராஜா, குன்னக்குடி வயலின், இதத் தாண்டி எந்தப் பாட்டும் மனசுல ஒட்ட மாட்டேங்குது. சிங்கப்பூர்ல இருக்க மகன் வாராவாரம் வாட்ஸ்அப்ல ஒரு பாட்டு அனுப்புவான், கட்டைவிரல் போட்டு விட்டுருவேன். புதுசா எதுலயும் ஆசை வரல. கீபோர்டு கிளாஸ் சேரலாமா?

பதில்: தம்பி, கீபோர்டு கெடக்கட்டும். அந்தக் கட்டைவிரலுக்கு வாங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 52. பெத்த பிள்ளைகிட்ட 52 தடவை கேக்காமயே கேட்டேன்னு பொய் சொல்லிருக்கீக. பேங்க்ல இப்படி படிக்காம 52 வவுச்சர்ல கையெழுத்துப் போட்டிருந்தா ரிட்டயர்மென்டுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் வந்திருக்கும்.

எங்க அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, பினாங்குல வட்டிக்கடை, கப்பலேறுனா மூணு வருஷக் கணக்கு முடிச்சுத்தான் திரும்புவாக. லெட்டர் வந்தா எங்க ஆத்தாளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், என்னைய வளவுத் தூணுகிட்ட உக்கார வச்சு வாசிக்கச் சொல்லும், அதுல அங்க மழை பெய்யுது, அரிசி இன்ன விலை, இவ்வளவுதான் இருக்கும், மறுநாளும் அதயே எடுத்து வாசிக்கச் சொல்லும், அரிசி விலை வர்ற எடத்துல நிறுத்தி இன்னொருக்கா சொல்லுன்னு கேக்கும். பினாங்கு அரிசி விலை தெரிஞ்சு தேவகோட்டையில என்ன ஆகப்போகுது?

உங்க பய ராத்திரி ரூம்ல ஒத்தையா உக்காந்து, இது அப்பாவுக்குப் பிடிக்குமான்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ண எடுத்து அனுப்புறான்யா. பிள்ளைக பெத்தவுக பேச்சக் கேக்கணும்னு ஊரே சொல்லுது, நானும் சொல்றவதான், ஆனா பிள்ளை குடுக்குறதுக்கு அப்பன் காது குடுக்கலேன்னா அது எந்த ஊரு நியாயம்?

ஒட்டலங்கிறீகளே, எத்தனை தடவை கேட்டீக? மொதத் தடவை எல்லாப் பாட்டும் அந்நியந்தான். அடுத்து என்ன வரப்போகுதுன்னு காது ஊகிக்க ஆரம்பிச்சாத்தான் ருசி தட்டும், அதுக்கு நாலஞ்சு தடவை கேக்கணும். 1976ல இளையராஜா வந்தப்ப நீங்க டவுசர் போட்ட பய, டீக்கடை ரேடியோ உங்களக் கேக்காமயே நாளுக்குப் பத்து தடவை காதுல ஊத்துச்சு, நீங்க ஒண்ணும் மெனக்கெடல. குன்னக்குடி வைத்தியநாதனையே கச்சேரி மேடையில சினிமாப் பாட்டு வாசிக்கிறாருன்னு மூஞ்சியச் சுளிச்சவுக உண்டு, அவரு ரசிகன்னு வேற சொல்லிக்கிறீக!

இன்னைக்கு அந்த சாட்ல மேல போயி, அவன் மொதல்ல அனுப்புன பாட்ட எடுங்க. இயர்போன் மாட்டி நாலஞ்சு தடவை. பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னே எழுதுங்க, ஆனா எந்த எடத்துல பிடிக்கலேன்னு சேத்து எழுதுங்க, அப்பத்தான் அடுத்ததப் பாத்து அனுப்புவான். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, ராத்திரி எட்டு மணிக்குள்ள அனுப்பிருங்க, பய காலையில வேலைக்குப் போகணும்.